கம்பஸ் தொடங்க மூன்று மாதம்: கணிதத்தில் எதைப் படித்து வைக்கலாம்?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: "உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு பி எடுத்தேன். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக கணிதமும் கணினியும் சேர்ந்த படிப்புக்குக் கிடைத்திருக்கிறது. தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முதலாம் வருடக் கணிதத்தில் கனபேர் ரிப்பீட் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். அண்ணா இப்பவே வகுப்புக்குப் போகச் சொல்கிறார். நான் பாஸ்ட் பேப்பர் செய்து செய்தே பி எடுத்தவள். என்ன செய்யட்டும்?"

முதலில் வகுப்பு விசயத்தை முடித்துவிடுவோம். போக வேண்டாம். அண்ணா நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் அப்படியான வகுப்பில் முதலாம் வருடப் பாடத்தையும் உயர்தரம் மாதிரியே நடத்துவார்கள்: இந்த மாதிரிக் கணக்குக்கு இந்த வழி என்று. அந்தப் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. குறைவாக இருப்பது வேறொன்று.

முதலாம் வருடப் பாடத் தலைப்புகளைப் பார்த்தால் நுண்கணிதம், தாயம் (மேட்ரிக்ஸ்), காவி (வெக்டர்), நிகழ்தகவு என்று எல்லாம் தெரிந்த முகமாகவே இருக்கும். 'இதெல்லாம் செய்ததுதானே' என்று முதல் மாதம் கொப்பி திறக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். தலைப்பு அதேதான், கேட்கிற கேள்வி மாறிவிடுகிறது. உயர்தர வினாத்தாளில் 'காண்க' என்ற சொல் கூடுதலாக வரும், 'நிறுவுக' இடைக்கிடை வரும். இங்கே அது தலைகீழ். இன்னொன்று, உயர்தரத்தில் பகுதி பி-யில் 7 கேள்வியில் 5 செய்தால் போதும், பிடிக்காத அலகை விட்டுவிட்டும் தப்பலாம். அப்படி விட்ட அலகு ஏதாவது இருந்தால் (இருக்கும்!) முதல் மூன்று கிழமையை அதற்குக் கொடுங்கள். தொகையீடும் சமனிலியும் என்றால் கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி மாறுகிறது என்றால் என்ன என்று ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். என் முதல் செமஸ்டர் சோதனையில், எக்ஸ் 2-ஐ அணுகும்போது 3எக்ஸ்+1 இன் எல்லை (லிமிட்) 7 என வரைவிலக்கணத்தைக் கொண்டு நிறுவச் சொன்னார்கள். நான் 2-ஐப் பிரதியிட்டு, 7 என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்துவிட்டு வந்தேன். பத்துக்கு ஒரு புள்ளி. அந்த ஒன்றும் இரக்கத்தில் போட்டதாக இருக்கவேண்டும்.

கேட்டது என்னவென்று பிறகுதான் விளங்கியது. குளத்துத் துருசை, அதாவது வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் கதவை, நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் ஏற்கெனவே 1 அங்குலம் தண்ணீர் நிற்கிறது. கதவை ஒரு சுற்றுத் திறந்தால் 3 அங்குலம் ஏறும் என்று வைப்போம். வயல்காரருக்கு 7 அங்குலம் வேண்டும், ஆகவே 2 சுற்று. ஆனால் கையால் சுற்றும்போது அச்சொட்டாக 2 வருமா? வயல்காரர் 'ஒரு அங்குலம் கூடிக்குறைந்தாலும் பரவாயில்லை' என்றால், துருசுக்காரர் மூன்றில் ஒரு சுற்றுக்குள் பிசகலாம். 'இல்லை, அரை அங்குலம்தான்' என்றால் ஆறில் ஒரு சுற்றுக்குள். வயல்காரர் எவ்வளவு கறாராகக் கேட்டாலும் துருசுக்காரரிடம் பதில் தயாராக இருக்கிறது: கேட்ட அளவை மூன்றால் பிரி. அந்தப் பதில் எப்போதும் இருக்கிறது என்று காட்டுவதுதான் நிறுவல். வயல்காரர் சொல்வது எப்சிலன், துருசுக்காரர் சொல்வது டெல்டா. வயல்காரர்தான் முதலில் வாய் திறப்பார். டெல்டாவை முதலில் எடுத்துவிட்டு எப்சிலனைத் தேடுகிற விடைத்தாள் வருடா வருடம் வரும், அதில் நீங்கள் சேராதீர்கள்.

இது உடனே பிடிபடாவிட்டால் கவலை வேண்டாம். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் தன் வகையீட்டு முறையை வெளியிட்டது 1684 இல். எல்லை என்பதை அடித்தளமாக வைத்து கோசி பாடம் எழுதியது 1821 இல். இன்றைய எப்சிலன்-டெல்டா வடிவத்தை வையர்ஸ்ட்ராஸ் ஒழுங்காக்கியது அதற்கும் பிறகு. அவர்களுக்கே நூறு வருடத்துக்கு மேல் எடுத்த விசயம், உங்களுக்கு ஒரு மாதம் எடுத்தால் என்ன?

அடுத்தது நிறுவல் எழுதிப் பழகுவது. சின்னதாகத் தொடங்குங்கள். 'இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண் வரும்.' பலர் 3+5=8, 7+9=16, ஆகவே உண்மை என்பார்கள். அது சரிபார்த்தல், நிறுவல் ஆகாது. கொஞ்சம் தெரிந்தவர்கள் 2எம்+1 என்பதையும் 2எம்+1 என்பதையும் கூட்டுவார்கள். அதிலும் ஓட்டை இருக்கிறது: ஒரே எழுத்தை இரண்டு தரம் போட்டால் இரண்டும் ஒரே எண்ணாகிவிடும், 3-உம் 5-உம் அதற்குள் வராது. 2எம்+1, 2என்+1 என்று எடுத்தால் கூட்டுத்தொகை 2 தரம் (எம்+என்+1), அதாவது இரட்டை. முதலாம் வருடத்தில் புள்ளி போவது பெரும்பாலும் இப்படியான இடத்தில்தான். கணிதத் தொகுத்தறிவு ஏற்கெனவே தெரியும், அதை இப்போது வசனமாக, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு எழுதிப் பாருங்கள்.

நம் பேச்சுத் தமிழும் இங்கே காலை வாரும். 'எல்லாக் குளமும் வான் பாயவில்லை' என்றால் என்ன பொருள்? ஒரு குளமும் பாயவில்லையா, சிலது பாய்ந்து சிலது பாயவில்லையா? சந்தியில் கதைக்கும்போது இரண்டுக்கும் இதையே சொல்வோம், கேட்பவருக்கும் விளங்கிவிடும். கணிதத்தில் 'எல்லாக் குளங்களும் வான் பாய்கின்றன' என்பதன் மறுப்பு ஒன்றே ஒன்றுதான்: வான் பாயாத ஒரு குளமாவது இருக்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாம் பாய்ந்து, உங்கள் ஊர்ச் சின்னக் குளம் ஒன்று பாயாமல் கிடந்தாலே கூற்று பொய். ஒரு நாளைக்கு ஒரு கூற்றை எடுத்து அதன் மறுப்பை எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் ஆங்கிலம். கம்பஸில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். இலக்கணத்தைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, சொற்கள்தான் சிக்கல். தாயம் மேட்ரிக்ஸ் ஆகும், துணிகோவை டிட்டர்மினன்ட், தொடை செட், காவி வெக்டர். யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களைப் பார்த்தால் இன்னொரு குழப்பம்: நம் தாயம் அவர்களுக்கு அணி, நம் தொடை அவர்களுக்குக் கணம். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதி வாருங்கள். வரைவிலக்கணங்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பாடமாக்குங்கள். பாடமாக்குவது பிழையென்று நினைக்க வேண்டாம், வரைவிலக்கணத்தில் ஒரு சொல் தவறினால் அதன்மேல் எழுதுகிற நிறுவல் முழுவதும் போய்விடும்.

இணையத்தில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் 18.01 என்ற பாடம் நுண்கணிதத்துக்கு, 18.06 தாயங்களுக்கு. இரண்டும் இலவசம், நிறுவலை விட முறைகளுக்கு உதவும். உயர்தர ஓட்டைகளை அடைக்க கான் அகாதமி போதும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

(கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்துக்குப் போகிறவர்கள் இதை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே தொகையீடு, வகையீட்டுச் சமன்பாடு, காவி எல்லாவற்றிலும் கைவேகம் முக்கியம்.)

தொடங்கியபின் நேரக் கணக்கு ஒன்று. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. 3 கிரெடிட் பாடம் 150 மணித்தியாலம், அதில் விரிவுரை 45 தான். மிச்சம் 105 உங்கள் கையில். உயர்தரத்தில் அந்த நேரத்தையும் டியூசன் ஆசிரியர் பார்த்துக்கொண்டார், இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

பயமுறுத்திய அந்தச் சீனியர்களிடம் நோட்ஸ் கேட்காதீர்கள் தங்கச்சி, டியூட் (பயிற்சிக் கேள்வித் தாள்) கேளுங்கள். விடை எழுதாத பிரதியாகப் பார்த்து வாங்குங்கள்.