பழைய வாக்யூம் கிளீனர் வாங்கலாமா? மொதல்ல அடியில திருப்பிப் பாருங்க

கேள்வி: நான் ஒஹாயோல கிளீவ்லாண்ட் பக்கம் இருக்கேன். இங்க ஒரு எஸ்டேட் சேல்ல, அதாவது ஒரு வீட்டு சாமானையெல்லாம் மொத்தமா விக்கிற இடத்துல, பந்து மாதிரி உருண்டையா ஒரு ஹூவர் வாக்யூம் கிளீனர் பாத்தேன். விக்கிறவர் 1930-கள்ல வந்த ரேர் பீஸ், 200 டாலர்ங்கிறார். வீட்டுல "குப்பை எடுக்குற மிஷினையே குப்பையா தூக்கிட்டு வராதீங்க"ன்னு திட்டு. வாங்கலாமா?

பதில்: வீட்டம்மா பேச்சை கொஞ்சம் கேளுங்க. நீங்க சொல்றத வச்சு பாத்தா அது ஹூவர் கான்ஸ்டலேஷன். 1930-லாம் கிடையாது, 1950-கள்ல வந்து 70-கள் வரைக்கும் வித்தது, அதனால பரண்லயும் கராஜ்லயும் இன்னும் நிறைய கெடக்குது. ஆனா ஜாலியான மிஷின்தான், வெளிய வர்ற காத்தை அடியில விட்டு தரையிலருந்து லேசா எழும்பி மிதக்கும், ஹோஸை இழுத்தா பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி வரும்.

விக்கிறவர் சொல்ற வருஷத்த நம்பாதீங்க, திருப்பிப் போட்டு அடியில இருக்கற பிளேட்டைப் பாருங்க. பேட்டன்ட் நம்பர், அதாவது கண்டுபிடிப்பு உரிமை நம்பர், அடிச்சிருக்கும், அது வரிசையா ஏறிட்டே போகும். அமெரிக்க பேட்டன்ட்ல பத்து லட்சமாவது நம்பர் வந்தது 1911-ல, இருபது லட்சமாவது 1935-ல, முப்பது லட்சமாவது 1961-ல. அப்ப பிளேட்ல 26 லட்சத்துக்கு மேல ஒரு நம்பர் இருந்தாலே அது 1952-க்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது, கதை அங்கயே முடிஞ்சுது. பல நம்பர் இருந்தா இருக்கறதுலயே பெரிய நம்பரைத்தான் பாக்கணும், அதுவும் "இதுக்கு முன்னாடி இல்ல"ன்னு மட்டும்தான் சொல்லும், சரியா எந்த வருஷம்னு சொல்லாது. அந்த நம்பரை போன்லயே தேடினா வரைபடத்தோட முழு பேட்டன்ட்டும் வரும், எனக்கு இந்த பைத்தியம் பிடிச்சதே அப்படித்தான்.

அப்புறம் ஹோஸ் வெடிச்சிருக்கா, பிரஷ், குழாய் எல்லாம் கூட இருக்கா பாருங்க. மிஷின் தனியா கெடைச்சிடும், அதோட ஒரிஜினல் சாமான் தேடித்தான் வருஷக்கணக்கா அலையணும். நானா இருந்தா எல்லாம் முழுசா இருந்தாலும் அவர் சொல்ற வெலையில கால்வாசிக்கு மேல குடுக்க மாட்டேன்.

அங்கதான இருக்கீங்க, ஒரு நாள் நார்த் கேன்டன் போய்ட்டு வாங்க, ஹூவர் ஹிஸ்டாரிக்கல் சென்டர் இருக்கு. பக்கத்து கேன்டன் ஊர்ல ஒரு கடையில கூட்டிப் பெருக்குற வேலை பாத்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர்னு ஒருத்தர், ஆஸ்துமாக்காரர், தூசி தாங்காம ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை எல்லாத்தையும் சேத்துக் கட்டி ஒண்ணு செஞ்சார். 1908 ஜூன் 2-ல பேட்டன்ட், நம்பர் 889823. தோல் சாமான் வியாபாரம் பண்ணிட்டிருந்த ஹூவர் குடும்பம் அதை வாங்கிருச்சு, பேரு அவங்க பேராயிடுச்சு. மனுஷன் பேரு யாருக்கும் தெரியாது, அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

கேள்வி: லண்டன்ல இருக்கேன். உண்மையிலேயே ரேர்னா எது? மியூசியத்துல இருந்தா ரேர்தானே?

பதில்: இல்லங்க. எலக்ட்ரோலக்ஸ் மாடல் 30-ஐ எடுத்துக்கோங்க, 1937-ல லுரெல் கில்ட் டிசைன் பண்ணது, ரயில் இன்ஜின் மாதிரி நீட்டமா, சறுக்குக் கட்டை மேல ஓடும். நியூயார்க்ல புரூக்ளின் மியூசியத்துல இருக்கு, ஆனா வீடு வீடா போய் வித்த சாமான், இன்னைக்கும் சந்தையில கெடைக்கும். மியூசியம் டிசைனுக்காக வச்சிருக்கு, எண்ணிக்கை கம்மிங்கறதுக்காக இல்ல. டைசன் ஜி-ஃபோர்ஸ் வேற கதை, ஜப்பான்ல 1986-ல வந்த பிங்க் கலர் மிஷின், அப்பவே யானை வெலை, அதனால கொஞ்சம் பேர்தான் வாங்கினாங்க. அது மாட்டினா விட்றாதீங்க, ஆனா 100 வோல்ட் மிஷின், உங்க ஊர் கரண்ட்ல நேரா சொருகினா போச்சு.

உங்க ஊர் ஹூபர்ட் செசில் பூத் 1901-ல செஞ்சது குதிரை வண்டி சைஸ், தெருவுல நிறுத்தி ஜன்னல் வழியா குழாய் விடுவாங்க, அதெல்லாம் வீட்டுல வைக்க முடியாது. அந்த ஆளு ஒரு ஹோட்டல் சேர்ல கைக்குட்டையை விரிச்சு வாயால உறிஞ்சு, துணியில ஒட்டுன கறுப்பைப் பாத்துதான் இது வேலை செய்யும்னு முடிவு பண்ணாராம், தூசி தொண்டையில போய் மூச்சுத் திணறிட்டாராம்!

கேள்வி: கோயம்புத்தூர். அமெரிக்காலருந்து வர்ற மச்சான் ஒரு பழைய எலக்ட்ரோலக்ஸ் கொண்டு வர்றாரு. இங்க ஓடுமா?

பதில்: ஓடும், ஆனா நேரா சொருகாதீங்க. நான் பண்ண தப்பைச் சொல்றேன். "சூப்பரா ஓடுது"ன்னு ஒருத்தர் வித்ததை நம்பி வந்த அன்னைக்கே சொருகினேன், துணி சுத்தின வயர், வெளிய பாக்க அழகா இருந்துச்சு, உள்ள ரப்பர் முறுக்கு மாதிரி நொறுங்கிப் போயிருக்கு, புகை வந்துச்சு, பாடி முழுக்க இரும்பு, எர்த் கிடையாது, ரெண்டு பின் மட்டும். ஷூ போட்டிருந்தேன், தப்பிச்சேன்.

அதனால மொதல்ல வயரை மாத்துங்க, மூணு பின் போட்டு பாடிக்கு எர்த் குடுங்க. அப்புறம் 230-ஐ 110 ஆக்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், பிளேட்ல போட்டிருக்கற வாட்ஸ்க்கு டபுளா. டிராவல் அடாப்டர் உதவாது, அது பின்னை மட்டும்தான் மாத்தும். உள்ள இருக்கற மோட்டார் நம்ம மிக்சி மோட்டார் ஜாதிதான், அதனால நல்ல மிக்சி மெக்கானிக் கிட்ட குடுத்தாலே மோட்டாருக்குள்ள கரண்ட் கொண்டு போற கார்பன் பிரஷ்ஷை, பல்பம் துண்டு மாதிரி இருக்கும், தேய்ச்சு அளவு பாத்து போட்டுக் குடுப்பாரு. பழைய பையைத் தொறக்கும்போது மாஸ்க் போடுங்க, அது யார் வீட்டு 60 வருஷத் தூசியோ.

கேள்வி: அப்பா வாங்கின யூரோகிளீன் பரண்ல கெடக்கு. வெலை போகுமா?

பதில்: யூரோகிளீனை வித்த கம்பெனி யுரேகா ஃபோர்ப்ஸ், 1982-ல ஆரம்பிச்சது, டை கட்டின பசங்க வீட்டுக்கே வந்து சோபாவை உறிஞ்சிக் காட்டி வித்த காலம், அதனால நிறைய பேர் வீட்டுல இருக்கு, இப்ப பெருசா வெலை போகாது. பெட்டி, பில், சாமான் எல்லாம் இருந்தா பிரிக்காம அப்படியே வைங்க. பில்லுல தேதி இருக்கும் பாருங்க, அதை மட்டும் ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க, சீக்கிரம் மங்கிடும்.