ராயல் நேவி (பிரிட்டிஷ் கடற்படை) தொப்பி பேட்ஜ் எந்தக் காலத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதல்ல கிரீடத்தைப் பாருங்க, பாதி விடை அதுலயே இருக்கு. மேல் வளைவு ரெண்டும் நடுவுல குழியாம உருண்டையா ஏறியிருந்தா டியூடர் கிரீடம், அது 1901ல இருந்து 1952 வரை மன்னர்கள் காலத்துது. நடுவுல குழிஞ்சு தோள் மாதிரி ரெண்டு பக்கமும் தூக்கியிருந்தா செயின்ட் எட்வர்ட் கிரீடம், அதாவது ரெண்டாம் எலிசபெத் ராணி காலம்.

இங்கதான் ஒரு வில்லங்கம். மன்னர் சார்லஸ் வந்தப்புறம் 2022ல மறுபடி டியூடர் வடிவத்தையே எடுத்துக்கிட்டாங்க, அதனால புத்தம்புது பேட்ஜையும் "உலகப்போர் காலத்துது"ன்னு சொல்லி தலையில கட்ட ஆள் இருக்கு, கிரீடத்தை மட்டும் நம்பி காசை நீட்டிடாதீங்க. திருப்பிப் போட்டு பின்பக்கத் துணி, தையல் நூல், ஜரிகை கறுத்திருக்கான்னு பாருங்க. யூவி லைட் அடிச்சா நூல் பளீர்னு வெள்ளையா மின்னுச்சுன்னா புது நூலோன்னு எனக்கு சந்தேகம் வந்துடும் (சோப்புல துவைச்சிருந்தாலும் மின்னும், அது வேற). பாகிஸ்தான்ல இருக்கற சியால்கோட்ல இப்பவும் கையால ஜரிகை பேட்ஜ் பண்றாங்க, வேலை அருமையா இருக்கும், ஆனா பழசு இல்ல.

ரேங்க் சுலபம். வெள்ளி நங்கூரத்தைச் சுத்தி பெரிய தங்க இலை வளையம்னா ஆபீசர், வெறும் கயிறு வட்டம்னா பெட்டி ஆபீசர் (ஆபீசருக்குக் கீழ இருக்கற ரேங்க்). கிரீடத்துல கப்பல் பாய் தெரிஞ்சா அது மெர்ச்சன்ட் நேவி. கிரீடத்துக்கு பதிலா அசோகர் சிங்கம் இருந்தா நம்ம இந்தியன் நேவி, 1950க்கு அப்புறம் வந்தது.