குடலைச் சோதிக்கச் சிறுநீர் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு. நன்றாகத்தான் சாப்பிடுகிறார், ஆனாலும் 64 கிலோ இருந்தவர் 53க்கு வந்துவிட்டார். மலம் எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொள்கிறது. டாக்டர் ஏதோ சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைத்து, 5 மணி நேரச் சிறுநீரைப் பிடிக்கச் சொல்கிறார். கோளாறு குடலில், சோதனை சிறுநீரிலா?
– வாசகி, ஆரணி

பதில்: பயிற்சி மருத்துவராக இருந்தபோது இதையே கேட்டு நான் பேராசிரியரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

அது வீட்டுச் சீனி இல்லை, சைலோஸ் என்ற வேறு சர்க்கரை. அதைச் செரிக்கக் கணைய நீர் வேண்டாம். சிறுகுடலின் மேற்பகுதிச் சுவர் நன்றாக இருந்தால் போதும், ரத்தத்தில் ஏறிவிடும். ஏறியதில் கணிசமான பங்கு சிறுநீரில் இறங்கும். 25 கிராம் குடித்தால் 5 மணி நேரத்தில் 4 கிராமாவது வர வேண்டும். குறைந்தால் குடல் சுவரைச் சந்தேகிப்போம். அளவு சரியாக இருந்தும் மலத்தில் கொழுப்பு போனால், கணையத்தின் பக்கம் பார்வை திரும்பும். சில இடங்களில் 5 கிராம்தான் கொடுப்பார்கள் (25 கிராமே சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும்). அதற்குக் கணக்கு வேறு.

சோதனை கெடுவது பெரும்பாலும் கழிப்பறையில்தான். வயிற்றுப்போக்குக்காரர் மலம் கழிக்க உட்கார்ந்தால் சிறுநீரும் கூடவே போய்விடும். என்னிடம் வந்த ஒருவர் இப்படியே பாதியை விட்டுவிட்டு, 'குடல் கெட்டுப்போச்சு' என்று ரிப்போர்ட்டோடு அழுதார். மறுபடி எடுத்தோம், சரியாக இருந்தது! அதனால் முதலில் பாட்டிலில் பிடித்துவிட்டு அப்புறம் உட்காரச் சொல்லுங்கள். முந்தின இரவிலிருந்து பட்டினி, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சைலோஸ் குடிப்பதற்குச் சற்று முன் கழிக்கும் சிறுநீர் கணக்கில் சேராது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குடல் சரியாக இருந்தாலும் அளவு குறைந்து காட்டும்.

இந்தச் சோதனை நோயின் பெயரைச் சொல்லாது. 1960களில் உங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவிய ஸ்ப்ரூ என்ற குடல் நோயாக இருக்கலாம். அதற்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் மாதக்கணக்கில் கொடுப்போம். கோதுமை ஒவ்வாத சீலியாக்காகவும் இருக்கலாம். அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோபியில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் உண்டு. யாராவது சொன்னார்கள் என்று இப்போதே சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுச் சோதித்தால் சீலியாக் இருந்தும் பிடிபடாமல் போகும்.