பாறை மேல் சக்கரம் வழுகுகிறதா? ட்ரையல்ஸ் சைக்கிளுக்கு எந்த பிரேக்

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். சாதாரண 26 இஞ்ச் எம்.டி.பி. (மலைப்பாதை) சைக்கிளில் ட்ரையல்ஸ் பழகுகிறார், அதாவது காலைக் கீழே ஊன்றாமல் தடைகள் மேல் ஏறித் தாண்டும் விளையாட்டு. வார நாட்களில் வீட்டு விளையில் கிடக்கும் ரப்பர் தடிகள் மேல், ஞாயிற்றுக்கிழமை முட்டம் பாறைகள் மேல். பின் சக்கரத்தில் எழும்பி நிற்கும்போது சைக்கிள் பின்னால் உருண்டுவிடுகிறது. சைக்கிளோடு வந்தது கேபிள் டிஸ்க் பிரேக், சக்கரத்தின் நடுவில் சுற்றும் தகட்டைக் கம்பி இழுத்துப் பிடிப்பது. "ஃபிரேமில் ரிம் பிரேக் மாட்டவும் குமிழ் இருக்கிறது. ஒரு பிரேக் வாங்கத்தான் கையில் காசு. ஹைட்ராலிக் டிஸ்க் போடவா, ட்ரையல்ஸ்காரர்கள் போடும் ஹைட்ராலிக் ரிம் பிரேக்கா?"

தம்பி, பின்பக்கத்துக்கு ஹைட்ராலிக் டிஸ்க் போடுங்கள், கம்பிக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் பிடிப்பது. ஆனால் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவே இல்லாமல் போகவும் வாய்ப்பிருக்கிறது.

ரோட்டில் பிரேக்கின் வேலை ஓடுகிற வண்டியை நிறுத்துவது. ட்ரையல்ஸில் சக்கரம் ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறது. உங்கள் முழு எடையும் அதன்மேல் குதிக்கும்போது, முன்னாலும் பின்னாலும் ஒரு இம்மிகூட உருளாமல் அதைப் பூட்டிப் பிடிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் சூடாகும் பிரச்சினை இங்கே கிடையாது. அதனால் சூட்டைத் தணிக்கும் வசதிகளுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரே விரலில் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, பிடித்த பிறகு எங்காவது இளகுகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

அந்தச் சோதனை இதுதான். ஒரு மார்க்கர் பேனாவால் ரோட்டரிலும் (சுற்றும் தகடு), அதை ஒட்டிக் கேலிப்பரிலும் (பிரேக் பேட்கள் உள்ள பிடிப்பான்) ஒரே நேராகக் கோடு போடுங்கள். பின் பிரேக்கை முழுதாகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள். நண்பர் ஒருவர் குனிந்து கோட்டையே பார்க்கட்டும். ரோட்டர் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே போனால் பேட் வழுகுகிறது. 'டக்' என்று ஒரு சத்தத்தோடு கொஞ்சம் நகர்ந்து நின்றால், பேட் கேலிப்பருக்குள் ஆடுகிறது, அல்லது கேலிப்பர் போல்ட் இளகியிருக்கிறது. கோடு அசையாமல் சக்கரம் மட்டும் சற்று முறுக்கிக் கொடுத்தால் கோளாறு பிரேக்கில் இல்லை, ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கிறது. அதை சைக்கிள் கடையில் இழுத்துக் கட்டினால் போதும். கோடும் ஆடவில்லை, ஸ்போக்ஸும் முறுக்கவில்லை, ஆனால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடுகிற அளவுக்கு வருகிறது என்றால், கேபிள் அவுட்டர் (கம்பியின் மேலுறை) அமுங்குகிறது. பின் பிரேக்குக்கு அவுட்டர் நீளம் அதிகம்; சாதாரண அவுட்டர் சுருள் கம்பியால் ஆனது, பலமாகப் பிடித்தால் சுருங்கும். உங்கள் விரல் பலத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

பேட்தான் வழுகுகிறது என்று தெரிந்தால் புது பிரேக்குக்குப் போகலாம்.

ட்ரையல்ஸ்காரர்கள் ரிம் பிரேக்கை விரும்புவதற்குச் சரியான காரணம் உண்டு. 26 இஞ்ச் சக்கரத்தில் ரிம் பிரேக் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து சுமார் 275 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 160 மில்லிமீட்டர் ரோட்டரில் பேட் பிடிப்பது அச்சிலிருந்து 70 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி. அதே சக்கரத்தைப் பூட்ட டிஸ்க் ஏறக்குறைய நான்கு மடங்கு உரசல் தர வேண்டும். மேலும் ரிம்மையே நேராகப் பிடிப்பதால் ஸ்போக்ஸ் முறுக்கும் தொல்லையும் இல்லை. மகுரா எச்.எஸ்.33 மாதிரி ஹைட்ராலிக் ரிம் பிரேக்குக்கு ட்ரையல்ஸில் அவ்வளவு பெயர் வந்தது இதனால்தான்.

பிறகு ஏன் உங்களுக்கு டிஸ்க் சொல்கிறேன்? அந்த ரிம் பிரேக் முழு பலத்தைக் காட்ட, ரிம்மின் பக்கவாட்டை ஆங்கிள் கிரைண்டரால் கீறிச் சொரசொரப்பாக்குவார்கள். ட்ரையல்ஸ் ரிம் தடிமனாக இருக்கும், தாங்கும். சைக்கிளோடு வந்த மெல்லிய ரிம்மில் கிரைண்டர் வைத்தால் சுவர் இன்னும் மெலிந்து, ஒருநாள் பாறை மேலேயே பிளந்துகொள்ளும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீறாத ரிம்மோ மழையில் வழுகும். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ரப்பர் விளையில் செம்மண் சேறு ரிம்மில்தான் முதலில் ஒட்டும். இது போக, சாதாரண ஃபிரேமின் பின் குழாய்கள் அந்த அழுத்தத்தில் வெளிப்பக்கம் விரியும். அதைத் தடுக்க பூஸ்டர் தகடு ஒன்று தனியாக வாங்க வேண்டும். பின்னாளில் முழு ட்ரையல்ஸ் சைக்கிள் வாங்கும்போது ரிம் பிரேக்கைத் தாராளமாக யோசிக்கலாம்.

ஷிமானோ எம்.டி.200 மாதிரி இரண்டு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக் ஆரம்பத்துக்குப் போதும். காசு கொஞ்சம் கூடினால் நான்கு பிஸ்டன் கேலிப்பர். ரோட்டர் 180, 160-ஐ விட எட்டில் ஒரு பங்கு பிடி கூடும். உங்கள் ஃபிரேம் அந்த அளவைத் தாங்குமா என்பதையும் அதற்கேற்ற அடாப்டரையும் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேட் ரெசின் (பிசின் கலந்த) வகையாகவே இருக்கட்டும், குளிர்ந்த நிலையில் உடனே கடிப்பது அதுதான். சின்டர்ட் (உலோகத்தூள்) பேட் சேற்றில் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் விலை குறைந்த ரோட்டர்கள் பலவற்றில் ரெசின் பேட் மட்டும் என்றே பொறித்திருப்பார்கள்.

ஆயில் விஷயத்தில் மட்டும் கவனம். ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயிலில் ஓடுபவை. ஹோப் போன்றவை மோட்டார் பைக்குகளுக்கு ஊற்றும் டாட் ஃபுளூயிடில் ஓடும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த பைக் ஸ்பேர் கடையிலும் டாட் 4 கிடைக்கும் என்பதற்காக அதை மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிப்போய் பிரேக் வீணாகிவிடும்.

புது பேட் முதல் நாளே பிடிக்காது. ரோட்டில் ஓட்டுபவருக்கு அது தானாகப் பதிந்துவிடும். ட்ரையல்ஸில் சக்கரம் ஓடுவதே குறைவு என்பதால் பல பேருக்கு அது பதியவே பதியாது, பிரேக் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். ஆள் நடமாட்டமில்லாத ஒரு சரிவில் நடுத்தர வேகத்தில் வந்து, சக்கரம் பூட்டாத அளவுக்கு அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். இப்படி இருபது, முப்பது தடவை. முடிவில் பிடி மாறியிருப்பது விரலுக்கே தெரியும்.

ரோட்டரை வெறுங்கையால் தொடாதீர்கள். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் விரலில் இருந்தால்கூடப் போதும், பேட் கெட்டுவிடும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டரைத் துணியால் மூடுங்கள். எண்ணெய் ஊறிய பேட்டைத் தேய்த்துக் காப்பாற்றப் பார்ப்பதைவிட மாற்றிவிடுவது நல்லது. ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

முட்டத்தில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் காய வையுங்கள். உப்புக்காற்று போல்ட்டுகளையும் பிஸ்டன் ஓரத்தையும் அரித்துவிடும். அப்புறம், அங்கே அலை நனைக்கும் பாசிப் பாறைப் பக்கம் போகவே வேண்டாம். சக்கரம் பூட்டி நின்றாலும் அங்கே டயரே வழுகும்.

லீவரை ஹேண்டில்பாரில் கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டுங்கள், ஆள்காட்டி விரல் லீவரின் நுனியில் விழ வேண்டும். நடுவில் பிடிப்பதைவிட நுனியில் பிடித்தால் அதே விரலுக்குப் பலம் கூடும். முன் பிரேக்குக்கு இப்போதைக்கு நல்ல, அமுங்காத அவுட்டரும் புது ரெசின் பேட்டும் மட்டும் மாற்றுங்கள். முன் சக்கரத்தில் குத்தி நிற்கப் பழகும்போது அதையும் ஹைட்ராலிக் ஆக்கிக்கொள்ளலாம்.