இசை கேள்வி – பதில்

கேள்வி: கல்பனா சாவ்லாவின் வாழ்க்கையையும் கனவையும் வைத்து பாட்டு வரிகளே இல்லாத ஓர் இசைப் படைப்பு அமைக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?
– கீபோர்டு வாசிக்கும் கல்லூரி மாணவி

பதில்: ராக்கெட் கிளம்பும் சத்தத்தில் மட்டும் தொடங்காதீர்கள், அம்மா. டிரம்ஸை உருட்டினால் விண்வெளி வந்துவிடும் என்று ஏன்தான் எல்லோரும் நினைக்கிறார்களோ! விண்கலம் சுற்றுப்பாதையை எட்ட சுமார் எட்டரை நிமிடம்தான். கர்னாலில் பிறந்து, சண்டிகரில் விமானப் பொறியியல் படித்து, 1988-இல் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கி, 1994-இல் விண்வெளி வீராங்கனையாகத் தேர்வாகி, 1997-இல்தான் அவர் முதன்முதலாகப் பறந்தார். ஆசை என்பது அந்த நீண்ட காத்திருப்பு. அதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

நானாக இருந்தால் மோகன ராகத்தை எடுப்பேன். முதல் பகுதி முழுக்க தம்புரா விடாமல் ஒலிக்கட்டும். மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ஸ்தாயி 'ஸ'வை, தொடாமலே சுற்றிச் சுற்றி வாருங்கள். தொட்ட இடத்தில் தம்புராவை நிறுத்திவிட்டு கிரக பேதம் செய்யுங்கள், அதாவது வேறொரு ஸ்வரத்தை 'ஸ'வாக, ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதே ஐந்து ஸ்வரங்கள்தான்; ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்தியமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம். எது மேல், எது கீழ் என்று காதுக்குப் பிடிபடாது. எடையின்மைக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி எனக்குத் தெரியவில்லை.

கொலம்பியா விண்கலம் சிதறி அவரும் குழுவினரும் உயிரிழந்த 2003 பிப்ரவரி 1 விபத்தை இசையில் வெடிக்க வைக்காதீர்கள், மலிவாகிவிடும். அதற்கு முந்தைய பதினாறு நாளும் அந்தக் குழு ஆய்வுகளில் மும்முரமாக இருந்தது. அந்தச் சுறுசுறுப்பை கண்ட நடையில் (அடிக்கு ஐந்து எண்ணிக்கை), வேகமான காலத்தில் கொண்டு வாருங்கள். வயலின் ஒன்று, கடம் ஒன்று போதும். சின்தசைசரில் 'விண்வெளி' என்று பெயர் போட்டிருக்கும் பொத்தானை மட்டும் தொடவே தொடாதீர்கள்.