புரோத்தனும் நியூத்திரனும் சோடி சேர்ந்தால் அணுக்கரு சுருங்குமா?

களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் படிக்கும் தங்கச்சி, சோடி சேர்ந்தால் கவர்ச்சி கூடும்தானே, அப்போ கரு சுருங்கத்தானே வேணும் என்று கேட்டிருக்கிறீங்க. அருமையான கேள்வி. ஆனால் நடப்பது நேர்மாறாகவும் இருக்கலாம்.

கருவின் ஆரை பருமட்டாகத் திணிவெண்ணின் (புரோத்தன், நியூத்திரன்களின் மொத்த எண்ணிக்கை) கனமூலத்தை 1.2 பெம்டோமீற்றரால் (ஒரு பெம்டோமீற்றர் = 10⁻¹⁵ மீற்றர்) பெருக்கினால் வரும். சோடியின் விளைவு அதற்கு மேல் வரும் நுண்ணிய திருத்தம்.

பொற்றாசியம்-38ஐப் பாருங்க: 19 புரோத்தன், 19 நியூத்திரன். இரண்டிலும் ஒவ்வொன்று தனித்து நிற்கும். தரை நிலையில், அதாவது சக்தி மிகக் குறைந்த நிலையில், அவற்றின் சுழற்சிகள் கூடி 3 ஆகின்றன. சக்தியில் சற்று மேலே, ஒரு விநாடிக்குள் பாதியாகத் தேயும் இன்னொரு நிலையில் அவை எதிரெதிராகச் சோடி சேர்ந்து 0 ஆகின்றன. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் லேசரால் அளந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, சோடி சேர்ந்த நிலைக்கே மின்னேற்ற ஆரை (கருவின் மின்னேற்றம் பரவியிருக்கும் ஆரை) பெரிது!

காரணம் இதுதான். சோடி ஒரே ஓட்டில் (கருவுக்குள் இருக்கும் சக்தி மட்டங்களின் தொகுதி) அடங்கி இருப்பதில்லை. 20 துணிக்கைகளோடு நிரம்பும் ஓட்டைத் தாண்டிய மேல் ஓட்டுக்கும் கொஞ்ச நேரம் சேர்ந்தே தாவுகிறது. அந்த ஓடு மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் சராசரி ஆரை கூடுகிறது. தரை நிலையில் சுழற்சி 3 அந்தத் தாவலைத் தடுத்துவிடுகிறது. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனாலும் தெளிவாக அளக்கக்கூடியது.