‘கேன்டப்’ என்றால் என்ன? மாப்பிள்ளையின் பட்டம் குறித்து

ஐயா, வணக்கம். காரைக்குடியில் அச்சுக்குப் போகவிருக்கும் திருமண அழைப்பிதழில் மாப்பிள்ளை தம் பெயருக்குப் பின் ‘எம்.ஏ., கேன்டப்’ என எழுதித் தந்திருப்பதும், அவர் மூன்றாண்டுதான் படித்தார் என்றறிந்த உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஐயுறுவதும் புரிகிறது. அவர் பொய் சொல்லவில்லை.

‘கேன்டப்’ என்பது கேம்பிரிட்ஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் பயின்றோர் ‘ஆக்ஸன்’ என எழுதுவர். கேம்பிரிட்ஜில் பி.ஏ. பெற்றவர், முதல் பருவம் முடிந்து 6 ஆண்டுகளும் பி.ஏ. பெற்று 2 ஆண்டுகளும் கடந்தபின், வேறு தேர்வு எழுதாமலே எம்.ஏ. பட்டத்தைக் கேட்டுப் பெறலாம். நம் அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. என்றால் இரண்டாண்டு படித்துத் தேர்வெழுதுவது என்பதால், இங்குள்ளோர் மயங்குவது இயல்பே. அங்கே படித்துப் பெறும் முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் எம்.ஃபில். எனப்படும்.

பட்டம் முறைப்படி வழங்கப்பட்டுவிட்டதா என்பதை மட்டும் மாப்பிள்ளையிடமே மரியாதையாகக் கேளுங்கள், வழங்கப்படாவிடில் ‘பி.ஏ.’ என்றே அச்சிட வேண்டும். ‘கேன்டப்’ என்பதை நம் ஆச்சிமார் அறியமாட்டார்கள் என்பதால், ‘கேம்பிரிட்ஜ்’ என முழுமையாக எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.